இடதை அடைங்கடி

வாங்க மேடம், உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல ஊசி கெடக்கும், இருங்க, தட்டி விட்டுர்றேன். இப்ப உக்காருங்க. இந்த ஃபேன் திரும்பாது, கழுத்து உடைஞ்சு போச்சு. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தா காத்து வரும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். என் மக யார்கிட்டயும் சொல்லல. அத மொதல்ல எழுதிக்கங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். காலையில பக்கத்துக் கடைக்கு டீ வாங்க வந்த உங்க டீம் பிள்ள ஒருத்தி சொல்லிட்டுப் போனா, டீம் மேனேஜர் மேடம் ரஞ்சி விசயமா விசாரிக்க வருவாங்கன்னு. அப்பப் புடிச்சு எனக்கு வேலையே ஓடல. இந்தச் சட்டையப் பாருங்க, ஆறாம் நம்பரத் தலகீழா வச்சு ஒம்பதாக்கித் தச்சு வச்சிருக்கேன். இருபத்திரண்டு வருசமா நம்பர் தைக்கிறேன், இப்படி ஒரு தப்பு செஞ்சதில்ல.

நேத்து சாயங்காலம் பாஸ்கெட் பால் செமி பைனல்ல உங்க பொன்னி பேங்க் டீம் எங்க ஊரு நவமணி மில் டீம்கிட்ட ஒரு பாயிண்ட்ல தோத்துருச்சு. கடைசி நிமிசத்துல என் மக சிவரஞ்சனி, உங்க அஞ்சாம் நம்பர், முட்டி பெரண்டு கீழ விழுந்துட்டா. அது ஊருக்கே தெரியும். உங்களுக்கு வேண்டியது அது இல்ல. ரஞ்சிக்கு இடது முட்டியில அடி இருக்குன்னு மில்லுப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, யார் சொன்னது, அதான. அம்புட்டுதான?

ரஞ்சி சொல்லல மேடம். ஆர்டர் வந்துருமில்ல?

கோவிச்சுக்காதீங்க. என் வாயில இன்னைக்கு இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். மூணு வருசமா அவ உங்க பேங்க்ல ஸ்டைபண்டுல ஆடுறா. காலையில பிராக்டிஸ், மத்தியானம் கவுண்டர்ல உக்காந்து பாஸ்புக் அடிச்சுக் குடுக்கிறது, சாயங்காலம் மறுபடி பிராக்டிஸ். இந்த மாசம் பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்தாகிரும்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. முட்டி போனாலும் ஆர்டர் இருந்தா கவுண்டர்ல உக்காந்து பொழச்சுக்குவா. முட்டியும் போயி ஆர்டரும் போயிருச்சுன்னா என்ன செய்வா? என்னைய மாதிரி மிஷின மிதிக்கணும். அதுக்கும் முட்டி வேணுமே மேடம்.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிச்சுக்கிறேன்.

நீங்க நெனைக்கிறது எனக்குப் புரியுது. சொந்த ஊரு, சொந்த சனம், சின்னப் பிள்ளையில இருந்து பாத்த மில் டீம். பாசத்துல சொல்லிட்டா, இல்ல வேணும்னே சொல்லிட்டான்னு நெனைக்கிறீங்க. இல்லவே இல்ல. அவளுக்கு மில்லக் கண்டாலே ஆகாது. மில்லு மேல பாசம் வச்சது நான். வச்சதுன்னா, முன்னால. இப்ப இல்ல. இப்ப நான் பொன்னி பேங்க்குதான். நேத்துகூடப் பாத்தீங்கல்ல, உங்க டீம் கலருல நீலச் சேல கட்டிட்டுத்தான் வந்தேன். ரவிக்கை மில்லுக் கலரு பச்சையான்னு கேக்குறீங்களா? அது வேற ரவிக்கை காயல மேடம். அதையெல்லாம் எழுதாதீங்க.

எப்படி வந்துச்சு அந்தப் பாசம்னா, இந்தக் கடைதான் காரணம். வாசல்ல நின்னா எதுக்க ரோடு, ரோட்டத் தாண்டுனா கிரவுண்டு. பதினஞ்சு அடி இருக்குமா. கல்யாணமாகி வந்த வருசம் எங்க வீட்டுக்காரர் வச்சுக் குடுத்த கடை. அவரு ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓட்டுறாரு, காலையில மலையேறுனா பொழுது சாயத்தான் எறங்குவாரு. நானும் மிஷினுமா உக்காந்திருப்பேன். எதுக்க மில்லுப் பிள்ளைக பச்சைச் சட்ட போட்டு ஆடும். நான் அதுவரைக்கும் குனிஞ்சு களையெடுக்கிற பொம்பளைகளத்தான் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தி தோள ஒருத்தி இடிச்சுக்கிட்டு, தலமுடி அவுந்து கெடக்க, கத்திக்கிட்டே ஓடுற பொம்பளைகளப் பாத்ததில்ல. மொத நாள் வாயப் பொளந்துக்கிட்டு நின்னவதான். அன்னைக்கு ஒரு ரவிக்கைகூடத் தைக்கல.

அப்புறம் சட்டைக்கு நம்பர் தைக்கிற வேலை எனக்கே வந்துச்சு. வருசா வருசம் மே மாசம் இங்க போட்டி நடக்கும், எங்கெங்க இருந்தோ டீம் வரும். ஆனா எங்களுக்குப் போட்டின்னா மில்லும் பேங்கும் மோதுறதுதான். மில்லு வளத்து ஆளாக்குன பிள்ளைகள நீங்க மெட்ராசுக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்க, அதுல எங்களுக்கு வயித்தெரிச்சல். அந்தக் காலத்துல உங்க டீம நான் என்னென்ன பேசிருக்கேன்னு கேட்டா நீங்க இந்த ஸ்டூல்ல உக்கார மாட்டீங்க. மன்னிச்சுக்கங்க. அப்ப என் மக அங்க வருவான்னு நான் கண்டேனா.

கேலரியில நாலாவது படி, கம்பத்துக்குப் பக்கத்துல. அதுதான் என் எடம். எனக்கு மைக் வேண்டாம் மேடம். எவ களைச்சுப் போயிட்டா, எவளுக்கு எந்தக் கை வராது, எவ பாஸ் குடுக்கிறதுக்கு முந்தி கண்ணக் காட்டிருவா, எல்லாம் எனக்குத் தெரியும். அளவெடுத்து அளவெடுத்துப் பழகுன கண்ணு, ஒரு ஆள் நடந்து வந்தாலே எந்தத் தோளு எறக்கம்னு தெரிஞ்சுரும். அதக் கத்திச் சொல்லுவேன். பிள்ளைக கேக்கும். மில்லுல இத்தனை வருசத்துல எத்தனையோ பேரு வந்து போயிட்டாளுக, எல்லாருக்கும் என் குரல் பழக்கம். இப்ப இருக்காளே கேப்டன் ஸ்டெல்லா, அவ சொல்லுவா, கோச்சு மாஸ்டர் சொன்னா யோசிச்சுட்டு ஓடுவோம்க்கா, நீங்க சொன்னா கால் தன்னால ஓடிருதுன்னு. அதக் கேட்டு எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல, சந்தோசத்துல.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்? நீங்க கேட்டது வேற. இருங்க.

ரஞ்சி இந்த மிஷினுக்கு அடியிலதான் வளந்தா. தவழ்ற வயசுல துண்டுத் துணியப் பந்தாச் சுருட்டி எறிவா. பன்னெண்டு வயசுல கிரவுண்டுல எறங்குனா. நான் இங்க இருந்தே மிஷின மிதிச்சுக்கிட்டே சொல்லிக் குடுப்பேன், குனி, கால அகட்டு, நிமிந்து பாருன்னு. என் குரலக் கேட்டுத்தான் அவ பந்தப் புடிச்சா. மில்லுல எடுப்பாங்கன்னு நான் ஒத்தக் காலுல நின்னேன். பதினெட்டு வயசுல செலக்சனுக்குப் போனா. மில் மாஸ்டர் சுவத்துல நிக்க வச்சு அளந்தாரு. அஞ்சரை அடிக்கு ரெண்டு அங்குலம் கம்மி. வேண்டாம்னுட்டாரு. ஸ்டெல்லாவ எடுத்துக்கிட்டாரு. அன்னைக்கு இந்தக் கடைக்குள்ள வந்து நின்னா பாருங்க, அந்த மூஞ்சிய எனக்கு இன்னும் மறக்க முடியல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாஸ்டர் சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. வாயில வந்துருச்சு.

அப்புறம் நீங்க எடுத்தீங்க. உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அன்னையோட மில்லத் தல முழுகிட்டேன் மேடம். சத்தியமா. நம்பர் மட்டும் தச்சுக் குடுப்பேன், அது தொழிலு. பிராக்டிஸ் மட்டும் பாப்பேன், அது வாசல்ல இருந்தா கண்ணுல படத்தான செய்யும்.

சரி, முட்டிக்கு வர்றேன். முட்டி விசயம் நாலே பேருக்குத்தான் தெரியும்னு சொல்றீங்க. நீங்க, உங்க கோச்சு, பிசியோ, ரஞ்சி. வெளிய தெரியக்கூடாதுன்னுதான் கட்டுப் போடாம, உறை மாட்டாம, ஊசி போட்டு ஆட வச்சீங்க. நான் குத்தம் சொல்லல. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. அவளும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பெத்தவ என்கிட்டயே சொல்லாதவ மில்லுக்காரிககிட்டயா போய்ச் சொல்லுவா? இத யோசிச்சுப் பாருங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா?

தெரியும்னு நான் சொல்லலையே. சொன்னேனா? இல்ல, ஞாயித்துக்கிழமை டீமோட வந்து எறங்குனதும் அரைமணி நேரம் வீட்டுக்கு வந்தா. சாப்பிட உக்காந்தா. எப்பவும் சம்மணம் போட்டு உக்காருறவ இடது கால நீட்டி வச்சு உக்காந்தா. எந்திரிக்கையில சுவத்தப் புடிச்சா. மாடிப்படி ஏறுறப்ப ஒவ்வொரு படிக்கும் வலது காலுதான் மொதல்ல போச்சு. நான் கேக்கல. கேட்டா ஒண்ணுமில்லம்பா. நான் கவனிச்சத அவ கவனிக்கல. அம்புட்டுதான் மேடம். ஒரு தாய்க்குத் தெரியாதா? தெரிஞ்சதும் சொன்னதும் ஒண்ணாயிருமா?

ஏன் என்னையவே பாக்குறீங்க. எழுதுறத நிறுத்திட்டீங்க. எழுதுங்க மேடம்.

நேத்து மேட்ச்சு. நீங்க பெஞ்சுல இருந்து பாத்தீங்க, நான் மேல இருந்து பாத்தேன். மேல இருந்து பாத்தாத்தான் வரிசை தெரியும். மொத ரெண்டு குவாட்டர் ரஞ்சி கையில மேட்ச்சு இருந்துச்சு. குட்டையா இருக்காளா, அவளுக காலுக்கு ஊடால பூந்து பூந்து போறா. பதினாலு பாயிண்டு. பக்கத்துல இருந்த பூக்காரப் பொம்பள, உன் மகளாக்கா இவ, உன் மகளான்னு என் தொடையில அடிக்கிறா. எனக்குப் பெருமதான். பெருமையில்லாம இருக்குமா? ஆனா எட்டுப் பாயிண்டு பின்னாடி கெடக்கு மில்லு. ஸ்டெல்லா தவிக்கிறா. மாஸ்டர் டைம் அவுட் கேக்குறாரு, போர்டுல என்னத்தையோ கிறுக்குறாரு, ஒண்ணும் வேலைக்காகல. அந்தாளு கண்ணுக்குப் பக்கத்துல கெடக்கு, தெரியல. ரஞ்சி ஒரு தடவகூட வலது பக்கம் வெட்டல மேடம். இடது கால ஊனித் தள்ளுனாத்தான வலது பக்கம் போக முடியும். எல்லாம் இடது பக்கந்தான் போறா. பதினாலு பாயிண்டும் இடது பக்கத்துல வந்தது. ஸ்டெல்லாவுக்கு அது தெரியல, கிறுக்குச் சிறுக்கி, ரெண்டு பக்கமும் காவல் நின்னு நின்னு கோட்ட விடுறா.

மூணாவது குவாட்டர்ல கேலரியில இருந்து யாரோ கத்துனாங்க. இடதை அடைங்கடி, அவளுக்கு வேற வழியில்லன்னு. அதத்தான் நீங்களும் கேட்டிருப்பீங்க. யாரோ ஒரு ஆளு. ரெண்டாயிரம் பேரு உக்காந்திருக்கிற எடத்துல யாருன்னு கண்டோம். தவுல் வேற அடிக்கிறாங்க. ஆட்டம் தெரிஞ்ச எவனாவது இருப்பான். பாத்துக் கண்டுபிடிச்சிருப்பான், கத்திட்டான். அதுக்கு ரஞ்சி என்ன செய்வா?

பொம்பளக் குரலா? இருக்கலாம். பொம்பளைகளும் பாக்கத்தான செய்றாங்க.

அதுக்கப்புறம் மில்லு ஆடுனாளுக பாருங்க, அதாண்டா ஆட்டம். ஸ்டெல்லா இடது பக்கம் போய் நின்னா, கதவச் சாத்துன மாதிரி. அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி. ரஞ்சி வர்றா, நிக்கிறா, திரும்பக் குடுக்கிறா. வர்றா, நிக்கிறா. ஒரு தடவகூட உள்ள விடல. எட்டு ஆறாச்சு, ஆறு மூணாச்சு. இருபத்திரண்டு வருசத்துல அப்படி ஒரு டிபன்ஸ் நான் பாத்ததில்ல மேடம், மேல இருந்து பாக்கையில அவளுக அம்புட்டு அழகா...

இல்ல. நான் அப்படிச் சொல்ல வரல. இருங்க, மீதியச் சொல்லிர்றேன்.

கடைசி நிமிசம். உங்களுக்கு ஒரு பாயிண்டு கூட. ரஞ்சி கையில பந்து. வச்சுக்கிட்டே நின்னிருக்கலாம். ஸ்டெல்லா இடதை அடைச்சுட்டா. ரஞ்சி ஒரு நொடி நின்னா. அப்பக் கேலரியப் பாத்தா. நாலாவது படியப் பாத்தா மாதிரிதான் எனக்குத் தோணுச்சு. அத்தனை லைட்டு வெளிச்சத்துல அவளுக்கு ஆளு தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருக்குமா? அப்புறம் இடது கால ஊனி வலது பக்கம் வெட்டுனா. ஊனுன காலு அப்படியே உள்பக்கமா மடிஞ்சுச்சு. பந்து உருண்டு ஸ்டெல்லா கையில போச்சு, அவ ஓடிப்போய்ப் போட்டுட்டா.

நான் கை தட்டிக்கிட்டு இருந்தேன் மேடம்.

கூடையில பந்து விழுந்ததும் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையவும் தூக்கிக் கை தட்டுறேன். பக்கத்துல பூக்காரப் பொம்பள என் முந்தானையப் புடிச்சு இழுக்குறா, அக்கா உன் மக, உன் மக விழுந்துட்டாக்காங்கிறா. பாத்தா ரஞ்சி கீழ கெடக்குறா, நீங்கெல்லாம் சுத்தி நிக்கிறீங்க. எனக்குக் கையக் கீழ எறக்கத் தெரியல. எறங்கி ஓடி வந்திருக்கணும். பெத்தவ ஓடி வந்திருக்கணும். வரல. பயம். அவ என்னையப் பாத்து என்ன கேப்பாளோன்னு பயம். கூட்டத்தோட கூட்டமா வெளிய வந்து கடையத் தொறந்து உள்ள உக்காந்துட்டேன். அவ வீட்டுக்கு வரல. போன் அடிச்சேன், எடுக்கல. பதினோரு தடவ அடிச்சேன்.

அங்க பாருங்க, கம்பிக்கு உள்ள, வேப்ப மரத்துக்குக் கீழ. நாக்காலியில கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. மதுரைக்கு ஸ்கேனுக்குப் போக வேன் வருமாமே. காலையில ஏழு மணியில இருந்து உக்காந்திருக்கா. பதினஞ்சு அடி. இந்தக் கடையப் பாக்கல. நானும் மிஷினுக்குப் பின்னாடியே குனிஞ்சு உக்காந்திருக்கேன்.

என்ன பேப்பர் மேடம் அது? ரஞ்சி கையெழுத்து மாதிரி இருக்கு.

எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

என்ன? என்ன எழுதிருக்கா?

அவளேவா? ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லாவ ரோட்டுல பாத்தாளாம், பேச்சுவாக்குல முட்டி வலிக்குதுன்னு அவளே வாய்தவறிச் சொல்லிட்டாளாம், வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லையாமா? அப்படியா எழுதிருக்கா? கையெழுத்துப் போட்டிருக்காளா? திருப்பி ஒரு தடவ படிங்க.

பொய் மேடம். பச்சப் பொய். ஸ்டெல்லாகிட்ட அவ பேசி மூணு வருசமாச்சு. செலக்சன் அன்னைக்கோட ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளுக. தெருவுல எதுக்க வந்தா இவ அந்தப் பக்கம் போயிருவா. ஸ்டெல்லாவக் கேட்டுப் பாருங்க, அவளே சொல்லுவா. இத எழுதுனா என்ன ஆகும்? ஆர்டர்? போயிருமா? இந்தப் பேப்பர் மெட்ராசுக்குப் போனா போயிருமா? நீங்க தலய ஆட்டுனா எனக்கு என்ன அர்த்தம்னு தெரியல, வாயத் தொறந்து சொல்லுங்க.

ஆத்தாடி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. குரலு தெரிஞ்சிருக்கு. தெரியாம எப்படி இருக்கும், அவ பந்து புடிச்சதே அந்தக் குரலுக்குத்தான. நான்தான் முட்டாச் சிறுக்கி, தவுல் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு விடிய விடிய எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்.

மேடம், நான் சொல்றேன். எழுதிக்கங்க. அந்த யாரோ நான்தான். நான்தான் கத்துனேன். என் பேரு ஒச்சம்மா. வேணும்னு கத்தல. ஸ்டெல்லா தவிக்கிறதப் பாத்தேன், பச்சைச் சட்ட பின்னாடி கெடக்குறதப் பாத்தேன், வாய் தன்னால தொறந்துக்கிச்சு. கத்துன பின்னாடிதான் யாருக்கு எதிரா கத்துனோம்னு ஒறச்சுது. வாயப் பொத்திக்கிட்டேன். அதுக்குள்ள அவளுக கேட்டுட்டாளுக. இதுதான் நடந்துச்சு. என் மக யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. மொதல்லயே சொன்னேன்ல, யார்கிட்டயும் சொல்லலன்னு, அது மட்டும் உண்ம. மத்ததெல்லாம் பயத்துல ஒளறுனது.

என்ன மேடம் சிரிக்கிறீங்க. சிரிக்கலையா? மகளுக்காக எந்த அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்களா? நான் பழிய ஏத்துக்கிறேனா? ஐயோ, இது பழி இல்ல. இது நெசம். ஒரு டெய்லர் கேலரியில இருந்து கத்துனதக் கேட்டு ஒரு டீமே எப்படி ஆட்டத்த மாத்தும்னு கேக்குறீங்க. நியாயந்தான். மெட்ராசுல இருக்கிறவங்களுக்கு அது புரியாது. நான் எப்படிப் புரிய வைக்கிறது?

எந்திரிக்காதீங்க. பேப்பர மடிக்காதீங்க. ஒரு நிமிசம். இப்படி வாசலுக்கு வாங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், வாங்க.

அங்க பாருங்க. மில்லுப் பிள்ளைக. சாயங்காலம் பைனல், அதுக்கு இப்ப ஆடிப் பாக்குறாளுக, அஞ்சுக்கு அஞ்சு. பச்சைச் சட்டை அஞ்சு பேரு காவலு. ஒசரமா நடுவுல நிக்கிறா பாருங்க, அவதான் ஸ்டெல்லா. மாஸ்டர் அந்த ஓரமா போன் பேசிக்கிட்டு நிக்கிறாரு, அவரு வாயத் தொறக்கல, பாத்துக்கங்க. அவளுக முதுகு நமக்கு. நம்ம நிக்கிறது அவளுகளுக்குத் தெரியாது.

ரஞ்சி அங்கதான் உக்காந்திருக்கா. நான் கத்துனா அவளுக்கும் கேக்கும். நேத்துக் கேட்ட அதே வார்த்தை. கேட்டா அவ மூஞ்சி எப்படி மாறுமோ மேடம். இந்தக் கதவப் புடிச்சுக்கிறேன். நீங்க ஸ்டெல்லாவ மட்டும் பாருங்க. கண்ண எடுக்காதீங்க.

ஏய், இடதை அடைங்கடி! அவளுக்கு வேற வழியில்ல!

பாத்தீங்களா. பாத்தீங்களா மேடம். அஞ்சு பேரும். யாருன்னு திரும்பிக்கூடப் பாக்கல, கால் போயிருச்சு. எதுக்க நின்ன பிள்ள இடது பக்கம் வரவே இல்ல, அவ பாட்டுக்கு வலது பக்கம் நடந்து போறா, இவளுக அஞ்சு பேரும் இடது பக்கம் அடைச்சுக்கிட்டு நிக்கிறாளுக, கிறுக்குச் சிறுக்கிக. இப்பத்தான் திரும்புறா ஸ்டெல்லா. கையத் தூக்குறா பாருங்க, சரிக்கான்னு. ஏண்டி, கால இன்னும் அகட்டி நில்லுடி, சாயங்காலம் பைனலு.

சீ. என் வாய அறுத்துப் போட்டாத்தான் அடங்கும்.

கிழிச்சுட்டீங்களா? ரஞ்சி எழுதுன பேப்பரா அது? நெசமாவா? நான் சொன்னத எழுதிக் கையெழுத்து வாங்கிக்கங்க, தமிழ்ல போடுவேன். ஒச்சம்மா, டெய்லர்னு போடுறேன். கேலரியில இருந்து கத்துனேன், என் மகளுக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு எழுதுங்க. இந்தப் போட்டிக்கு இனி வரக்கூடாதுன்னு சொன்னாலும் வரல. ஆர்டர் வந்துருமில்ல? சொல்லுங்க. வந்துரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

வந்துரும்ங்கிறீங்களா? சரி. சரி மேடம். உங்க கையப் புடிச்சுக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க.

கிரவுண்டுல எல்லாரும் இந்தப் பக்கம் பாக்குறாங்க. மாஸ்டர் பாக்குறாரு, உங்க டீம் பிள்ளைக பாக்குறாளுக, இப்ப வந்து நின்ன வேன் டிரைவர்கூடப் பாக்குறான். ரஞ்சி மட்டும் திரும்பல. குனிஞ்சு முட்டியில இருக்கிற ஐஸ் பைய எடுத்துத் துணியால தொடைக்கிறா. தொடச்சதையே தொடைக்கிறா.

என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு அவ எனக்காக எழுதிக் குடுத்தத நான் கெடுத்துட்டேன். அதுவும் அவ காதுபடவே. இப்பப் போயி அவ முன்னால நிக்கணும். வேன் கிளம்புறதுக்குள்ள போகணும். அவ கூட மதுரைக்குப் போகணும், ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்காட்டாலும் போகணும்.

ரோடு பதினஞ்சு அடிதான். இத்தன வருசமா ஒரு நாளைக்கு எத்தன தடவ தாண்டிருப்பேன். நீங்க கொஞ்சம் கூட வாறீங்களா மேடம்? எனக்குப் பயமா இருக்கு.